சாட்சிக்கூண்டு

கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்க ‘எத்னிக் ஸ்டடீஸ்’ என்ற பாடத்தில் ஒரு தாளாவது முடித்திருக்க வேண்டும். 2020இல் இதற்குச் சட்டமே வந்துவிட்டது. ஆப்பிரிக்க ஆய்வுப் பேராசிரியராக இருந்து சட்டமன்றத்துக்குப் போன ஷெர்லி வெபர் கொண்டுவந்த சட்டம். அதன் வேர் இன்னும் பழையது. 1968 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் கறுப்பின மாணவர்கள் தொடங்கி, ஆசிய, லத்தீன், பூர்வகுடி மாணவர்கள் சேர்ந்துகொண்ட வேலைநிறுத்தம் மறு ஆண்டு மார்ச் வரை நீடித்தது. தடியடி நடந்தது, நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். தங்கள் வரலாற்றைத் தாங்களே ஆராய்ந்து சொல்ல ஓர் இடம் கேட்டுத்தான் அத்தனை அடியும் வாங்கினார்கள். 1969இல் அந்தத் துறை பிறந்தது.

இந்தப் பருவத்தில் நானும் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சமுதாயக் கல்லூரியில் அந்தப் பாடத்தை மாலை வகுப்பாகப் படிக்கிறேன். விரிவுரை கிடையாது. கொடுத்த கட்டுரையை வீட்டில் படித்துவிட்டு வந்து, நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து பேசுகிறோம்.

கலிஃபோர்னியாவின் டெலானோ ஊரில் நடந்த திராட்சைத் தோட்டத் தொழிலாளர் போராட்டம் பற்றிப் பேசிய மாலையை நான் மறக்க மாட்டேன். அதன் தலைவராக அறியப்படும் சீசர் சாவேஸின் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் 1965 செப்டம்பர் 8 அன்று முதலில் வேலையை நிறுத்தியவர்கள் லாரி இட்லியாங் தலைமையிலான ஃபிலிப்பினோ தொழிலாளர்கள். சாவேஸும் மெக்சிகோ வழித் தொழிலாளர்களும் ஒரு வாரம் கழித்துத்தான் சேர்ந்தார்கள். வகுப்பில் இருந்த ஃபிலிப்பினோ பெண்ணுக்கே இது தெரிந்திருக்கவில்லை. ஒரு போராட்டத்துக்குள்ளேயே யார் பெயர் நிற்கிறது, யார் பெயர் உதிர்கிறது என்று அன்று முழுக்கப் பேசினோம். தனியாக உட்கார்ந்து படித்திருந்தால் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்காது.

ஆனால் அந்த வட்டத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. காவல்துறை வன்முறை பற்றிய வாரம் வந்ததும் எல்லா முகங்களும் வகுப்பின் ஒரே கறுப்பின இளைஞர் பக்கம் திரும்பின. குடியேற்றம் பற்றிய வாரத்தில் எல் சால்வடாரிலிருந்து வந்த பெண்ணின் பக்கம். யாரும் கெட்ட எண்ணத்தில் திரும்பவில்லை, தெரிந்துகொள்ளும் ஆசைதான். ஆனாலும் அந்தக் கணத்தில் அவர்கள் மாணவர்களாக இல்லை, சாட்சிக்கூண்டில் ஏற்றப்பட்டவர்கள். கூண்டில் நிற்பவர் நடந்ததை மட்டும்தான் சொல்லலாம். அது ஏன் நடந்தது, எதனால் இன்னும் நிற்கிறது என்று வாதிடும் வேலை மற்றவர்களுக்குப் போய்விடுகிறது. கேட்டவர்கள் கண் கலங்கி, நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். சொன்னவருக்கு அன்று இரவு தூக்கம் வருவதில்லை.

சாதி பற்றிய வாரத்தில் என் முறை வந்தது. மாநிலப் பல்கலைக்கழகம் 2022 ஜனவரியில் தன் பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியையும் சேர்த்தது. மாநிலச் சட்டத்திலும் சாதியைச் சேர்க்க வந்த மசோதாவை 2023 அக்டோபரில் ஆளுநர் நியூசம் நிராகரித்தார். இவ்விரண்டையும் வைத்துப் பேச வேண்டும். வட்டத்தில் என்னைத் தவிர இன்னொரு இந்தியர் இருந்தார், இங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞர். “எங்கள் வீட்டில் சாதியெல்லாம் பார்ப்பதில்லை” என்றார். மனதார நம்பித்தான் சொன்னார். முகங்கள் என் பக்கம் திரும்பின. நான் காலனியில் பிறந்தவள் என்பது அவர்களுக்குத் தெரியாது. இந்தியாவிலிருந்து வந்தவள் என்பது மட்டும் தெரியும்.

டீக்கடைத் தனி டம்ளரைச் சொல்லியிருக்கலாம். சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. சொல்லவில்லை. அம்பேத்கர் காட்டிய வழியில் போனேன்.

1916 மே 9 அன்று நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், அலெக்சாண்டர் கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில், 25 வயது மாணவராக அவர் இந்தியச் சாதிகள் பற்றிய கட்டுரையை வாசித்தார். பள்ளி நாட்களில் தண்ணீர்க் குழாயைத் தொட விடப்படாதவர். பியூன் வந்து திறந்துவிட்டால்தான் அவருக்குத் தண்ணீர். இதையெல்லாம் பின்னாளில் அவரே எழுதினார். அன்று அந்த அறையில் அவர் எடுத்துக்கொண்டது வேறு வேலை. செனார், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேட்கர் ஆகியோர் சாதிக்குத் தந்த வரையறைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலசினார். சாதியின் உயிர் அகமணத்தில், அதாவது சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் வேலியில், இருக்கிறது என்று நிறுவினார். உடன்கட்டை, கட்டாய விதவைக் கோலம், சிறுமியர் திருமணம் மூன்றும் அந்த வேலியைக் காப்பதற்கு ஏற்பட்ட வழிகள் என்று காட்டினார். அடிபட்டவர் அடியின் இலக்கணத்தை எழுதினார். அவரைப் பற்றி எனக்கிருக்கும் பெருமிதங்களில் பெரியது இதுதான்.

அந்த வாதத்தை என் வார்த்தையில் வட்டத்தின் முன் வைத்தேன். எங்கள் பேராசிரியர் தோட்டத் தொழிலாளியின் மகள். அந்த இளைஞரைச் சிக்கவைக்கும் எண்ணம் துளியும் இல்லாமல் மெதுவாகக் கேட்டார்: “உங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையில் சாதிக்கு வெளியே கல்யாணம் செய்தவர்கள் யாராவது உண்டா?” அவர் வெகுநேரம் யோசித்தார். “யாருமில்லை. தற்செயல் என்றுதான் நினைத்திருந்தேன்” என்றார்.

அன்றைய வகுப்பு அங்கேதான் சூடு பிடித்தது. கறுப்பின இளைஞர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கறுப்பரும் வெள்ளையரும் மணப்பதைத் தடுத்த மாநிலச் சட்டங்களை உச்ச நீதிமன்றம் 1967இல்தான் செல்லாது என்றது, அப்படியானால் இந்த நாட்டிலும் வேலி அதே இடத்தில்தானே போடப்பட்டிருந்தது என்று கேட்டார். தன் வாழ்க்கையைப் பற்றி எதுவும் சொல்லாமல் அவர் வகுப்பையே இழுத்துக்கொண்டு போனதை அன்றுதான் பார்த்தேன். இனமும் சாதியும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்று நாங்கள் இருவரும் வகுப்பு முடிந்தும் வாசலில் நின்று வாதாடினோம்.

எனக்கு ஊர் நினைவுதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும், அதே பள்ளியில் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் நெற்றிக் குறிகளையும் பள்ளிகளில் தடைசெய்யச் சொன்னது. கட்டாயம் செய்ய வேண்டியது அது. கயிறு அவிழ்ந்த பிறகு அந்தப் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துப் பேசவிடவும் வேண்டும். பேசாமல் அவிழ்த்தால் வீட்டுக்குப் போய் மறுபடி கட்டிக்கொள்வார்கள். அப்படியொரு வகுப்பு நடக்கும் நாளில் முதல் கேள்வி வெட்டுப்பட்ட மாணவரிடம் போக வேண்டாம். கயிறு கட்டியிருந்த பிள்ளையிடம் போகட்டும்: இதை உன் கையில் கட்டிவிட்டது யார், கட்டும்போது என்ன சொன்னார்கள்?