விரால் மிதந்ததா?

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எம்மிடம் கல்வி பயிலும் மாணவன் ஒருவன் மூச்சு வாங்க ஓடிவந்து, அருவியாற்று மடுவொன்றில் மீன்கள் செத்து மிதக்கின்றன என்றான். அவன் குடும்பத்தார் விடியற்காலையிலேயே நீராடுவதற்கென்று கட்டுச்சோற்றுடன் சென்றிருந்தனர். மடுவின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாய் ஏதோ கிடக்கக் கண்டு, ஆம்பற் பூவென்று எண்ணி அருகிற் போன சிறு பெண்ணே முதலில் அலறினாளாம். பிள்ளைகளை நீரில் இறங்கவிடாமல் தாய்மார் தடுத்துவிட்டனர். இனி என்ன செய்வது என்று கேட்டு வருமாறு மாணவனை எம்மிடம் அனுப்பியிருந்தனர்.

நாம் அவ்வேளையில் விடைத்தாள் திருத்துவதில் மூழ்கியிருந்தோம். "சாப்பிட்டுவிட்டுப் போகலாம், இரு" என்றோம். அந்த ஒரு சொல்லால் எதனை இழந்தோம் என்பது பின்னரே எமக்கு விளங்கிற்று.

நாம் சென்றடைந்தபோது பிற்பகல் இரண்டு மணி. நானாட்டான் பகுதியில் வாழ்வோர் அருவியாற்றின் கோடைக் கோலத்தை அறிவர். நீளத்தால் இலங்கையின் இரண்டாவது ஆறு இது. 164 கிலோமீற்றர் ஓடி, அநுராதபுரத்தைக் கடந்து, சிங்கள மக்கள் மல்வத்து ஓயா என வழங்கும் பெயரை விடுத்து அருவியாறாகி எம்மிடம் வருகின்றது. தேக்கம் அணையிலே அதன் நீர் கட்டுக்கரைக் குளத்துக்குத் திருப்பப்படுகின்றது. அக்குளத்து நீராலேயே எமது வயல்கள் விளைகின்றன. ஆடி ஆவணியில் ஆறு மணற்பரப்பாகி, இடையிடையே மடுக்கள் மட்டும் எஞ்சிக் கிடக்கும். மாடுகள் நீர் அருந்துவதும் அங்கேதான்; பிள்ளைகள் குதித்து விளையாடுவதும் அங்கேதான்.

மடுவில் மீன் ஒன்றுகூட இல்லை. காகமும் கொக்கும் நாயும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டன. மணலிற் செதில்கள் மின்னின. நாற்றம் மட்டும் இருந்தது. நீர் சற்றே பச்சை படர்ந்து, மற்றபடி அமைதியாய்க் கிடந்தது. கரையில் நின்றோரிடம் அபிப்பிராயங்களுக்குப் பஞ்சமில்லை. வயலுக்கு மருந்தடித்த தாங்கியை யாரோ இங்கே கழுவினர் என்றார் ஒருவர். மீன் திருடுவோர் நஞ்சு கலந்தனர் என்றார் மற்றொருவர். வெயிலின் கொடுமை என்றார் வேறொருவர். மூவரும் தத்தம் கூற்றைச் சத்தியம் செய்யவும் ஆயத்தமாயிருந்தனர்.

அங்கே மாடு சாய்த்துக்கொண்டு வந்த முதியவர் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டு நின்று, ஈற்றில் எம்மைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்: "விரால் மிதந்ததோ, வாத்தியார்?"

எவருக்கும் தெரியவில்லை. எவரும் அதைப் பார்த்திருக்கவில்லை.

பட்டம் பெற்ற எம்மிலும் அம்முதியவர் சரியான கேள்வியைக் கேட்டார் என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டும். மீன் பூவின் வழியாக நீரிற் கரைந்த ஒட்சிசனைச் சுவாசிப்பது. பிராணவாயு என்று நம் தந்தையர் கூறியதும் இதுவே. குளிர்ந்த நீரில் அது கூடுதலாகக் கரையும், வெந்நீரில் குறையும். 20 பாகை வெப்பநிலையில் ஒரு லீற்றர் நன்னீர் 9 மில்லிகிராம் வரை ஏற்கும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான். பகலில் பாசியும் நீர்த்தாவரமும் வெயிலின் துணையால் ஒட்சிசனை நீருக்கு ஈகின்றன. இரவிலோ அவையே சுவாசித்து அதனை உண்டுவிடுகின்றன. வயலிலிருந்து வடியும் பசளையால் பாசி பெருகிய தேங்குநீரில் இந்தக் கொடுக்கல் வாங்கல் மிகவும் கூர்மையடையும். பகல் முழுதும் மிகுதி, விடியற்காலையில் வறுமை. ஐந்து மில்லிகிராமுக்குக் குறைந்தால் பல மீன்கள் வருந்தும். இரண்டுக்குக் கீழே இறங்கினால் வாய்பிளந்து மேலே வந்து மடியும். பெரிய மீன்களே முதலில் விழுவது வழக்கம்.

ஆனால் விராலும் பனையேறியும் வேறு சாதி. அவை தலையை உயர்த்தி வெளிக்காற்றையே விழுங்கிச் சுவாசிக்க வல்லன. நீரில் ஒட்சிசன் அற்றுப்போன விடியலில், மற்றவை மிதக்க இவை பிழைத்துக் கிடக்கும். விராலும் மிதந்ததாயின், மூச்சுத் திணறல் என்னும் விளக்கம் தளர்ந்து, நஞ்சோ வெடியோ என்று ஐயுற வேண்டும். நீர்ப்பூச்சியும் இறாலும் முந்தி மடிந்தனவாயின் பூச்சிமருந்தின்மேற் சந்தேகம் வலுக்கும். இவை முடிந்த முடிபுகள் அல்ல. எனினும் தேடவேண்டிய திசையைக் காட்டுவன. மாடு மேய்ப்பவர் ஒருவர் இதனை ஆய்வுகூடமின்றி அறிந்து வைத்திருந்தார்.

அறிவிக்க வேண்டிய அலுவலகத்துக்கு அறிவித்தோம். மறுநாள் மாலை ஒருவர் வந்து, நீரைப் பார்த்து, குறிப்பெழுதிக்கொண்டு சென்றார். அவரைக் குறைகூறுதல் நியாயமன்று. பார்ப்பதற்கு அங்கே என்ன இருந்தது? மீன் சாவு என்பது தன் சாட்சியைத் தானே அழித்துக்கொண்டு போகும் குற்றம். ஒட்சிசன் குறைவு சூரியன் ஏறியதும் மறையும். ஓடும் ஆறாயின் நஞ்சு நீரோடு போய்விடும். செத்த மீனும் சில மணி நேரத்தில் அழுகி, எதனால் இறந்தது என்று கூறும் தகுதியை இழக்கும்.

இஃது எமது ஊரவரின் சோம்பலுக்கு மட்டும் உரியதென்று கொள்ளற்க. 2022ஆம் ஆண்டு யூலை மாத இறுதியில், போலந்துக்கும் ஜெர்மனிக்கும் எல்லையாய் ஓடும் ஓடர் நதியிலே மீன்கள் செத்து மிதக்கத் தொடங்கின. தூண்டில் போடுவோரே முதலிற் கண்டனர். அரசினர் விழித்தெழுந்தபோது ஆகஸ்டு மாதம் நடுப்பகுதியை நெருங்கிவிட்டது. ஆற்றிலே குளித்தல் தடைசெய்யப்பட்டது. பாதரசம் என்றனர், பின் இல்லை என்றனர். குற்றவாளியைக் காட்டிக்கொடுப்போருக்குப் பத்து இலட்சம் சுலொட்டி வெகுமதி என்று போலந்துக் காவற்றுறை அறிவித்தது. தமக்கு உரிய காலத்தில் அறிவிக்கவில்லை என்று ஜெர்மனியர் முறையிட்டனர். இறுதியில் அகப்பட்டது மனிதனல்லன். கண்ணுக்குத் தெரியாத பொன்னிற அல்கா ஒன்று. அது உவர்நீரில் வாழ்வது. மீனின் பூவைச் சிதைக்கும் நச்சுடையது. நன்னீர் ஆற்றில் அதற்கு என்ன வேலை என்றால், சுரங்கம் முதலியவற்றின் உப்புக் கழிவுநீர் ஆற்றை உவராக்கியிருந்தது. வறட்சியால் நீர் குறைந்து வெப்பமும் மிகுந்திருந்தது. ஏறக்குறைய 360 தொன் மீன்கள் மடிந்தன என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வாளர் 1923இல் அன்று, 2023இல்தான் கணக்கிட்டு எழுதினர். இத்தனை கருவிகள் உள்ள நாடுகளுக்கும் விடை காண வாரங்கள் சென்றன என்பதைக் காட்டவே இதனைக் கூறினோம்.

கேரளத்திலே 2024 மே மாதம் 20ஆந் திகதி இரவு பெரியாற்றில் நிகழ்ந்தது இன்னும் நமக்கு அண்மையானது. ஏலூர்ப் பகுதியிற் கூடுகளில் மீன் வளர்த்தோர் விடியலில் எழுந்து பார்க்க, வளர்த்த மீனெல்லாம் மிதந்தன. மழை மிகுந்தமையால் பாதாளம் என்னும் இடத்துத் தடுப்பணையின் கதவுகள் திறக்கப்பட்டு, ஒட்சிசன் குறைந்த நீர் பாய்ந்ததே காரணம் என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கேரள மீன்வளப் பல்கலைக்கழகத்தாரோ அமோனியாவும் ஐதரசன் சல்பைட்டும் கொல்லும் அளவில் இருந்தன என்றனர். தேங்கிய அடிச்சேற்றில் ஒட்சிசன் அற்ற இடத்தில்தான் அவ்வகை வாயுக்கள் பிறக்கும். ஆதலின் இரு கூற்றும் ஒன்றையொன்று முற்றாக மறுப்பன அல்ல என்பது எம் எண்ணம். ஆயினும் கழிவை விட்டவர் யார், இழப்பை ஈடுசெய்பவர் யார் என்னும் வழக்கில் இந்த வேறுபாடே எல்லாமாகிவிடுகின்றது. கூடு வைத்த ஏழைக்கு அது சொற்போரன்று.

இவற்றுக்கு மாறாக, உடனுக்குடன் விடை கிடைத்த நிகழ்ச்சியும் உண்டு. அது தலைமன்னாருக்கு எதிர்க்கரையிலேயே நடந்தது. 2019 செப்தெம்பரில் மண்டபத்தை அடுத்த கடல் பச்சை நிறமாகி மீன்கள் கரையொதுங்கின. அப்பகுதி மீனவர் பூங்கோரை என்று வழங்கும் நுண்ணுயிர் பெருகியதே காரணம். குருசடைத் தீவை அடுத்த கடலில் ஒட்சிசன் இரண்டு மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியதையும், பவளப் பாறைகளில் ஒரு பகுதி மடிந்ததையும் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் அளந்தே கூறினர். அவர்கள் ஆண்டுக் கணக்காக அக்கடலைப் பார்த்து வந்தவர்கள். மீன் மிதந்த பின்னர் கருவி தேடி ஓடியவர்கள் அல்லர்.

இனி, அந்த மாணவனின் தாயார் எம்மிடம் கேட்டது வேறொன்று. "மீனுக்கு என்ன நடந்ததென்பது இருக்கட்டும், மாஸ்டர். பிள்ளையளைக் குளிக்க விடலாமோ?"

இக்கேள்விக்கு மீனைக்கொண்டு விடை கூற இயலாது. ஒட்சிசன் குறைந்த நீர் அக்குறைவினால் மட்டும் குளிப்பவரைக் கொல்லாது. பூச்சிமருந்தாயின் கதை வேறு. மறுபுறத்தே, மீன் துள்ளி விளையாடும் நீரிலும் மனிதனுக்குத் தீங்கு இருக்கக்கூடும். வயிற்றோட்டம் தரும் கிருமிகள் மீனை ஒன்றும் செய்வதில்லை. 2024 திசம்பரில் யாழ்ப்பாணத்தில் முதலில் இன்னதென்று அறியாத காய்ச்சலாய்த் தோன்றிச் சில உயிர்களைப் பலிகொண்டது எலிக்காய்ச்சல் என்று பின்னர் உறுதியாயிற்று. சேற்று நீரில் எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் அக்கிருமியை எந்த மீனும் நமக்குக் காட்டிக்கொடுக்காது. எமது நாட்டில் 2019இல் வெளியான நீர்த்தர ஒழுங்குவிதிகளும் குளிக்கும் நீரையும் மீன் வாழும் நீரையும் வெவ்வேறு வகையாகவே பிரித்துள்ளன. எனவே, மடு நீரைத் தவிர்த்து, ஆறு பெருகி ஓடும்வரை பொறுத்திருக்குமாறு அத்தாயாரிடம் கூறினோம். காலிற் புண்ணுள்ள பிள்ளையை அப்போதும் இறக்க வேண்டாம் என்றோம். அறிவுரை நல்லதுதான், ஆயினும் அறியாமையிற் பிறந்த அறிவுரை.

கல்லூரியில் இரசாயனம் கற்பிக்கும் நண்பரிடம் இக்கதையைக் கூறியபோது அவர் சிரித்தார். 1888ஆம் ஆண்டிலேயே ஹங்கேரி நாட்டு அறிஞர் வின்க்ளர் இதற்கு வழி வகுத்துவிட்டார் என்றார். கண்ணாடி மூடியுள்ள சிறு போத்தலை நீருக்குள் அமிழ்த்தி, காற்றுக்குமிழ் இல்லாமல் விளிம்புவரை நிரப்ப வேண்டும். அவ்விடத்திலேயே மங்கனீசு சல்பேற்றுக் கரைசல் சிறிது, காரங்கலந்த அயடைட்டுக் கரைசல் சிறிது விட்டு மூடிக் குலுக்க வேண்டும். நீரில் ஒட்சிசன் இருந்தால் கபில நிறத்து வீழ்படிவு இறங்கும். இல்லையெனின் வெள்ளையாகவே நிற்கும். சரியான அளவை ஆய்வுகூடத்தில் ஆறுதலாகக் கணிக்கலாம். ஆனால் உண்டா இல்லையா என்பதைக் கரையில் நின்றே கண் சொல்லிவிடும். காரக் கரைசல் கையைச் சுடும் ஆதலின் மாணாக்கர் ஆசிரியர் துணையின்றி இதனைத் தொடலாகாது. மருந்து இருக்கிறதா என்று சோதிக்கவேண்டிய நீரை வேறொரு தூய கண்ணாடிப் போத்தலில் நிரப்பி, வெயில் படாமல் பனிக்கட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். செத்து நாறும் மீனிலும், துடித்துக்கொண்டிருக்கும் மீனே சோதனைக்கு உதவும். நேரத்தையும் மீன் வகைகளையும் எழுதி வைப்பதற்குப் பென்சிலே போதும்.

நண்பர் கலந்து தந்த கரைசல்களுடன், மார்கழி விடியலொன்றில் அம்மாணவனையும் அழைத்துக்கொண்டு ஆற்றுக்குச் சென்றோம். நீர் கலங்கி, கரைதொட்டு ஓடிக்கொண்டிருந்தது. மாட்டுக்கார முதியவர் முழங்காலளவு நீரில் நின்று முகங் கழுவிக்கொண்டிருந்தார். மாணவன் போத்தலை நிரப்பி, நாம் கூறியபடி துளிகளை விட்டு, மூடிக் குலுக்கினான். சிறிது நேரத்தில் நல்ல கபில நிறமாய்ப் படிந்தது. அவனுக்கு ஒரே மகிழ்ச்சி. முதியவரிடம் ஓடிக் காட்டினான்.

அவர் போத்தலைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"அப்ப அன்றைக்குச் செத்த மீனுக்கு இது என்ன சொல்லுது, வாத்தியார்?"

ஒன்றும் சொல்லாது என்றோம்.