"வீட்டுக்குக் கொண்டு போங்க" என்றால்...

டொக்டர் அப்படிச் சொன்னால் "கைவிட்டுட்டாங்க" என்றுதான் ஊரில் கதைக்கிறோம். உம்மாவின் விஷயத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது, அது ஒரு ஆளின் வேலையும் இல்லை. 1967இல் லண்டனில் சென்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹொஸ்பிஸைத் திறந்த சிசிலி சோண்டர்ஸ் முதலில் தாதி, பிறகு சமூக சேவையாளர், கடைசியில்தான் டொக்டர்.

மோர்பின் எழுதியது டொக்டர். வலி வரும்வரை பார்த்திருக்காமல் மணிக்கூட்டைப் பார்த்துக் கொடுக்கவும், படுக்கைப் புண் வராமல் புரட்டிவிடவும் பழக்கியது மிஸி. ஆனாலும் உம்மாவுக்கு நித்திரை இல்லை. ஒருநாள் மௌலவி வந்து பக்கத்தில் இருந்து கேட்டபோதுதான் தெரிந்தது, விடுபட்ட நோன்புகளை நினைத்துப் பயந்திருக்கிறா. ஃபித்யா பற்றி அவர் விளக்கினார். அன்றிரவு உம்மா தூங்கினா. டொக்டருக்கு அது எப்படித் தெரியும்? (பிள்ளைகள் எங்களுக்கே தெரியாதே!)

இந்தக் கூட்டத்தில் ராத்தாவை மட்டும் யாரும் கணக்கெடுக்கவில்லை. இரவு பகலாகப் பார்த்தது அவதான். நோய் விசாரிக்க வந்தவர்களோ பிஸ்கட் பெட்டியை வைத்துவிட்டு, "கொழும்புக்குக் கொண்டு போயிருக்கலாமே" என்று அவவிடமே கேட்டார்கள். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். முடிந்தால் ஒரு இரவு முழித்திருங்கள். பக்கத்து வீட்டு மாமி வந்து முழித்திருந்த அந்த ஒரு இரவுதான் ராத்தா விடியும்வரை நித்திரை கொண்டா.