மடியில் ஒன்று, கையில் ஒன்று

வாசகத் தாய் ஒருவர் எழுதிய கடிதம் நம் மேசைமேல் கிடக்கிறது. நான்கரை வயது நிரம்பிய தம் மூத்த மகனுக்கென்று திருவிழாக் கடையில் பத்துப் புத்தகங்கள் வாங்கினாராம். யாவும் வண்ணப் படங்கள் நிறைந்தவை. இரவு உணவுக்குமுன் தகப்பனார் மகனை அருகே அமர்த்தி, ஒவ்வொரு சொல்லின்மீதும் விரலை வைத்து, "இது என்ன எழுத்து? அடுத்தது என்ன?" என்று கேட்கிறார். பிள்ளை விழிக்கிறான். தலையில் ஒரு குட்டு விழுகிறது. இப்பொழுதெல்லாம் தகப்பனார் புத்தகப் பையைத் தொட்டாலே பிள்ளை கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்கிறானாம். "சுவாமி, என் மகன் மந்தபுத்திக்காரனா? அல்லது வேறு புத்தகங்கள் வாங்க வேண்டுமா?" என்று அந்த அன்னையார் வினவுகிறார். வாங்கிய பத்து நூல்களின் பெயர்களையும் வரிசையாக எழுதி, சில பக்கங்களைப் படியெடுத்தும் இணைத்திருக்கிறார்.

முதல் வினாவிற்கு விடை ஒரே சொல்: அல்லன். நான்கரை வயதில் கதைப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க மாட்டாத பிள்ளை, நான்கரை வயதுப் பிள்ளையாகவே இருக்கிறான். அதில் குறை ஒன்றும் இல்லை.

இரண்டாம் வினாவிற்கு விடை காண அந்தப் பட்டியலைக் கூர்ந்து நோக்கினோம். பத்தில் ஏழு, படப் புத்தகங்கள். மூன்று, பிள்ளை தானே படிக்கத் தொடங்கும் பருவத்திற்கான முதல் வாசிப்பு நூல்கள். கடையில் இவ்விரண்டும் அடுத்தடுத்தே தொங்குகின்றன. அளவும் ஒன்று, அட்டையின் பளபளப்பும் ஒன்று. தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் தொழில் வேறு. படப் புத்தகத்தைப் பெரியவர் படிக்க வேண்டும். பிள்ளை கேட்கவும் காணவும் வேண்டும். அதற்குரிய இடம் மடி. முதல் வாசிப்பு நூலைப் பிள்ளை படிக்க வேண்டும். பெரியவர் கேட்க வேண்டும். அதற்குரிய இடம் பிள்ளையின் கை. மடிக்குரியதைக் கையில் திணித்ததால் வந்த வினைதான் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டிருக்கிறது.

படத்தை முன்னிறுத்திப் பிள்ளைக்குக் கற்பிக்கும் முறை நேற்று முளைத்ததன்று. குழந்தைகளுக்கென அச்சான படப் புத்தகங்களுள் முன்னோடி எனப் போற்றப்படும் நூல் 1658-ஆம் ஆண்டு செருமனியின் நூரம்பர்க் நகரில் வெளிவந்தது. 'படங்களில் காணும் உலகம்' என்பது அதன் இலத்தீன் பெயருக்குப் பொருள். எழுதியவர் கொமேனியஸ் என்னும் செக் அறிஞர். அவர் நம் சபையினர் அல்லர். சகோதரர் ஐக்கியம் என்னும் சபையின் ஆயர். முப்பதாண்டுப் போர்க் காலத்தில் மனைவி மக்களைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்து, தாய்நாட்டையும் துறந்து, ஊர் ஊராய் அலைந்தவர். இத்தனை துயரத்திற்கிடையே, சிறு பிள்ளைகள் அழாமல் கற்பது எங்ஙனம் என்று எண்ணிக்கொண்டிருந்த அந்த உள்ளத்தை நாம் வியக்கிறோம். அவர் நூலில் பாடந்தோறும் ஒரு படம். படத்திலுள்ள பொருள்களுக்கு எண்கள். கீழே இலத்தீனிலும் செருமன் மொழியிலும் அதே எண்களோடு சொற்கள். எழுத்தின் ஒலியைக் கற்பிக்கவோ காகத்தையும் ஆட்டையும் கத்த வைத்தார்! நூறாண்டு சென்ற பின்னும் அந்நூல் வீடுகளில் இருந்தது. பிள்ளைப் பருவத்தில் அதைக் கண்ட செய்தியைக் கவிஞர் கேத்தே தம் வரலாற்றில் குறித்திருக்கிறார்.

அந்நூலின் முன்னுரையில் கொமேனியஸ் கூறும் கருத்து ஒன்று நம் தகப்பனாருக்கென்றே எழுதியதுபோல் அமைந்துள்ளது. பள்ளிக்கு அனுப்புமுன்பே இந்நூலைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள், அவர்கள் தம் விருப்பம்போல் படங்களைப் பார்த்து மகிழட்டும் என்பது அதன் சாரம். படத்தோடு பழகிய பிள்ளை, "இது என்ன, அது என்ன" என்று தானே கேட்கத் தொடங்குவான். கேள்வி பிள்ளையிடமிருந்து பிறக்க வேண்டும். தகப்பனார் கேட்கும் கேள்வி தேர்வு. பிள்ளை கேட்கும் கேள்வி கல்வி.

இங்கே வேறொரு குரலும் நம் காதில் விழுகிறது. இல்லச் சந்திப்புக்குச் செல்லும் இடங்களில் நாம் அடிக்கடி கேட்பது அது. "எனக்கே எழுத்துத் தெரியாது சுவாமி, பிள்ளைக்கு நான் என்னத்தைப் படித்துக் காட்ட?" சித்தாள் வேலைக்கும் வயல் வேலைக்கும் செல்லும் தாய்மார் இவ்வாறு கூறுகையில் அவர்தம் முகத்தில் தோன்றும் கூச்சத்தை நாம் அறிவோம். அவர்களுக்கு நாம் கூறுவது இது. படப் புத்தகத்தைப் படிக்க எழுத்து வேண்டியதில்லை. நம் பங்கின் சிற்றூர் ஒன்றில், எழுத்தே அறியாத பாட்டி ஒருவர் பேத்தியை மடியில் இருத்திக்கொண்டு, கோழியும் குஞ்சுகளும் வரும் புத்தகம் ஒன்றைப் பக்கம் பக்கமாகப் 'படிப்பதை'த் திண்ணையில் அமர்ந்து கேட்டோம். அச்சிட்டிருந்த கதையில் பருந்து வரவில்லை. பாட்டியின் கதையில் வந்தது. இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு ஒருங்கே புரண்டபோது, பேத்தி பாட்டியின் கையைத் தட்டிவிட்டு, விட்டுப்போன பக்கத்திற்குத் திரும்பினாள். தாளைப் புரட்டுவது, இடமிருந்து வலமாகச் செல்வது, ஒரு பக்கத்தின் நிகழ்ச்சி மறுபக்கத்தில் தொடர்வது ஆகியவை படிப்பின் அடித்தளம். அவை அனைத்தையும் அந்தப் பாட்டி கற்பித்துவிட்டார். கி.பி. 600-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆலயத்துப் படங்களை உடைத்தெறிந்த மர்சேய் நகர் ஆயருக்குத் திருத்தந்தை பெரிய கிரகோரியார் மடல் வரைந்தார். எழுத்தறிந்தார்க்கு நூல் தருவதை எழுத்தறியார்க்கு ஓவியம் தருகிறது என்று அதில் அவர் கூறியது, அந்தத் திண்ணைக்கும் பொருந்துவதாகவே நமக்குத் தோன்றிற்று.

எழுத்தறிந்த பெற்றோருக்கு இன்னொரு கடமை உண்டு. நம் மொழியில் பேச்சு வேறு, எழுத்து வேறு. "பூனை பால் குடிச்சிருச்சு" என்று வீட்டில் கேட்ட பிள்ளை, பள்ளியில் "பூனை பால் குடித்துவிட்டது" என்பதை முதன்முதலாகக் கண்ணால் காண்கிறான். எழுத்தும் புதிது, மொழியும் புதிது என்றால் பிஞ்சு உள்ளம் திகைக்காதா? மடியில் இருந்தபோதே அந்த நடையைக் காதால் கேட்டிருப்பானாகில் பாதிச் சுமை குறையும். ஆகவே புத்தகத்தில் உள்ளதை உள்ளவாறே ஒருமுறை படியுங்கள். பின்னர் உங்கள் வீட்டுப் பேச்சில் அதைப்பற்றி உரையாடுங்கள். கடினமான சொல் வந்தால் விலக்க வேண்டாம். படிப்பவர் நீங்கள் அல்லவா? படப் புத்தகத்தில் சொல் கடினமாயிருப்பது குற்றமன்று. முதல் வாசிப்பு நூலில்தான் அது குற்றம். ஒரே புத்தகத்தை முப்பது முறை கேட்டாலும் சலிக்காமல் படியுங்கள். சலிப்பு உங்களுக்குத்தான், பிள்ளைக்கு அன்று.

இனி, கைக்குரிய நூலைக் காண்போம். 1950-களில் அமெரிக்காவில், பிள்ளைகளின் முதல் வாசிப்பு நூல்கள் உயிரற்றுக் கிடக்கின்றன என்று பெரும் குறை எழுந்தது. டாக்டர் சூஸ் என்னும் புனைபெயருடைய ஓவியரிடம் எளிய சொற்களின் பட்டியல் ஒன்று தரப்பட்டது. இவற்றைக் கொண்டே பிள்ளைகள் கீழே வைக்க மாட்டாத ஒரு கதை எழுதுக என்றனர். 1957-இல் தொப்பியணிந்த பூனை ஒன்றின் குறும்புகளைக் கூறும் நூல் வெளிவந்தது. அந்நூல் முழுவதிலும் வெவ்வேறான சொற்கள் 236 மட்டுமே. 1960-இல் அவரே ஐம்பது சொற்களில் இன்னொரு நூல் எழுதினார். அவற்றுள் நாற்பத்தொன்பது ஓரசைச் சொற்கள்.

வெற்றிதான். ஆனால் அந்த வழியை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருதல் ஆகாது. ஆங்கிலத்தில் பூனைக்கும் தொப்பிக்கும் ஓசை ஒத்து வரும், தமிழில் வருமா? ஆங்கில முதல் நூலை மொழிபெயர்த்து, அட்டையில் 'முதல் நிலை' என்று போட்டுவிட்டால், அது தமிழ்ப் பிள்ளைக்கு முதல் நிலை ஆகிவிடாது. தமிழில் எளிமைக்கும் கடினத்திற்கும் அளவுகோல் வேறு. 'பட்டம்' நான்கெழுத்து, 'பூனை' இரண்டெழுத்து. எனினும் புதிதாகப் படிப்பவனுக்குப் பட்டமே எளிது. பகரத்தோடு ஊகாரம் சேர்ந்து உருமாறுவதையும், னகரத்திற்கு முன்னே ஐகாரக் குறி வந்து நிற்பதையும் அவன் அறிந்த பின்னரே பூனை அவனிடம் வரும். 'கெ' என்னும் எழுத்தில் கண் முதலில் காண்பது கொம்பு. நாக்கு முதலில் ஒலிப்பது ககர மெய். 'கொ' என்பதிலோ ககரத்தைக் குறிகள் இருபுறமும் சூழ்ந்துகொள்கின்றன. 247 எழுத்துகளையும் முடித்த பிறகே புத்தகம் என்று காத்திருக்கவும் கூடாது. எல்லாக் குறிகளும் மலிந்த நூலை முதல் நாளே நீட்டவும் கூடாது. படம், மரம், பழம், பட்டம் போன்ற சொற்களில் தொடங்கி, குறிகளை ஒவ்வொன்றாக உள்ளே விடும் நூலே நல்ல முதல் நூல்.

சொல்லின் நீளத்தையும் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் நான்கு சிறு சொற்களாக நிற்பது, தமிழில் 'வீட்டுக்குள்ளிருந்து' என்று பத்தெழுத்துக் கொண்ட ஒரே சொல்லாகக் கோத்துக்கொள்கிறது. அதன் இறுதிக்கு வருவதற்குள் பிள்ளை தொடக்கத்தை மறந்துபோவான். இன்னும் ஒன்று: நம் அச்சுக்கூடங்களில் வரி முடியும் இடத்தில் சொல்லை இரண்டாக வெட்டி, எஞ்சியதை அடுத்த வரியில் போடும் வழக்கம் உண்டு. நமக்கு அது கண்ணில் படுவதே இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது பாலமில்லாத வாய்க்கால். வாங்குமுன் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள். பக்கத்திற்கு ஓரிரு வரிகள், வெட்டுப்படாத சொற்கள், தெளிவான புள்ளிகள், வரி கூறுவதையே காட்டும் படம் ஆகியவை இருந்தால் வாங்கலாம். கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில் 'நீதி' என்று போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. நீதி கூற நம்மைப் போன்றோர் போதுமான அளவில் இருக்கிறோம்.

பரணில் பழைய புத்தகங்களைப் போற்றி வைத்திருக்கும் தாத்தாக்களுக்கு ஒரு சொல். 1978-ஆம் ஆண்டு தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதற்கு முன் அச்சானவற்றில் ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கை வடிவில் இருக்கும். ணா, றா, னா முதலியவையும் வேறு உருவில் இருக்கும். யானை என்னும் சொல்லிலேயே ஒரு துதிக்கை இருந்தது என்பதில் நமக்கு இன்றும் ஒரு மகிழ்ச்சி உண்டு. அந்நூல்களை மடியில் வைத்துத் தாராளமாகப் படித்துக் காட்டுங்கள். எழுத்துக் கூட்டும் பிள்ளையின் கையில் மட்டும் கொடுக்க வேண்டாம், குழம்பிப்போவான். அகரவரிசைப் படங்களுக்கும் இதே எச்சரிக்கை ஓரளவு பொருந்தும். 'உ' என்றால் உரல் என்கிறது அட்டை. வீட்டில் இருப்பதோ மிக்ஸி. ஒருமுறையேனும் யார் வீட்டுக் கொல்லையிலாவது உரலைக் காட்டிவிடுங்கள்.

தமிழில் நல்ல நூல் கிடைப்பதில்லை என்பது இன்று முழு உண்மையன்று. கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1957-இல் தில்லியில் தொடங்கிய குழந்தைகள் புத்தக அறக்கட்டளையும், அதே ஆண்டில் தோன்றிய நேஷனல் புக் டிரஸ்டும் குழந்தை நூல் துறையில் நெடுங்காலம் உழைத்தவை. சென்னையில் 1996-இல் தோன்றிய தூலிகா பதிப்பகம், தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் அமைந்த படப் புத்தகங்களை வெளியிட்டது. பெங்களூரில் 2004-இல் பிறந்த பிரதம் புக்ஸ், நூல்களை நான்கு நிலைகளாகப் பிரித்துக் குறைந்த விலையில் தந்ததோடு, 2015 முதல் ஸ்டோரிவீவர் என்னும் இணையதளத்தில் கட்டணமின்றியும் தருகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் 'நுழை, நட, ஓடு, பற' எனப் படிப்படியாக அமைந்துள்ளன. பெயர்களே அழகு.

நம் அன்னையாரிடம் திரும்புவோம். பத்துப் புத்தகங்களே போதும். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பட்டியலில் இரண்டாவது, ஆறாவது, ஒன்பதாவது நூல்களை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுங்கள். மகன் முதல் வகுப்பில் சில மாதங்களைக் கழித்த பின் இறக்கலாம். மற்ற ஏழும் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும். கண்ணாடி அலமாரியில் பூட்ட வேண்டாம். தகப்பனார் இரவுதோறும் பத்து நிமிடம் படிக்கட்டும். எழுத்தின்மீது விரல் வைக்க வேண்டாம். கேள்வி ஒன்றும் கேட்க வேண்டாம். முதல் சில நாள்கள் பிள்ளை அருகே வராமலும் போகலாம். வராவிட்டால் கட்டிலின்மேல் அமர்ந்து, கீழே இருப்பவனுக்குக் கேட்கும்படி உரக்கப் படிக்கட்டும்.

கடிதத்தின் அடியில் சிறியதாக இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: இளைய குழந்தை தாள்களைக் கிழிக்கிறதாம். ஒன்றரை வயதில் அதுவும் ஒருவகைப் படிப்பே. மைதா மாவைக் காய்ச்சிப் பசை செய்து, மெல்லிய தாளால் பின்புறம் ஒட்டுங்கள். ஒரு பகல் நிழலில் உலர்ந்தால் போதும். தினமும் கிழித்துப் போடும் காலண்டர் தாள் அதற்கு மிகவும் ஏற்றது.