பூட்டைக் கழற்றுவது திருத்த வேலை அல்ல

பிள்ளைகளின் புள்ளிகளைப் பெற்றோர் பார்க்கும் நம் பாடசாலையின் இணையப் பக்கம் மூன்று நாட்களாகத் திறக்கவில்லை என்று பலரும் எங்களிடம் கோபப்பட்டீர்கள். நியாயமான கோபம்தான். சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் அது திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தது. வட்சப் குழுமத்தில் அதிகம் வந்த யோசனை: "பாஸ்வேர்டை எடுத்துவிடுங்க சேர், வேலை முடிஞ்சிடும்."

எடுத்திருந்தால் முடிந்திருக்கும். ஆனால் உள்ளே இருப்பது பிள்ளைகளின் பெயர், வீட்டு விலாசம், உம்மா வாப்பாவின் தொலைபேசி இலக்கம். அதனால் மறுத்தோம்.

கோளாறு இதுதான். வெளியிலிருந்து வருபவரை என்ஜின்எக்ஸ் என்ற ரிவர்ஸ் புரொக்சி வாசலில் நிறுத்தி, பாஸ்வேர்டைச் சரிபார்த்து, உள்ளே இருக்கும் மென்பொருளிடம் அனுப்புகிறது. சேர்வருக்குள் இருந்தே மென்பொருளை நேரடியாக அழைத்துப் பார்த்தோம்; ஒழுங்காகப் பதில் வந்தது. வாசல் வழியாக வந்தால் மட்டும் 401. பாஸ்வேர்ட் பிழையென்றால் என்ஜின்எக்ஸின் பிழைப் பதிவில் அது எழுதப்பட்டிருக்கும். அங்கே ஒன்றுமில்லை. அப்படியானால் 401 சொல்வது வாசல் அல்ல, உள்ளே இருப்பவர்!

வாசலில் கொடுத்த பாஸ்வேர்டை என்ஜின்எக்ஸ் அப்படியே உள்ளேயும் கடத்துகிறது. அண்மையில் புதுப்பித்த மென்பொருள் அதைத் தனக்கான பாஸ்வேர்ட் என்று எண்ணி, "இவரைத் தெரியாது" என்று திருப்பி அனுப்பியது. அந்த ஒதரைசேஷன் ஹெடரை உள்ளே அனுப்பாமல் வெறுமையாக்க ஒரு வரி போதுமாயிற்று. அந்த வரியைச் சேர்த்ததும் மேல்மட்டத்தில் எழுதியிருந்த மற்ற ஹெடர் வரிகள் அந்த இடத்தில் செல்லாமல் போயின. அவற்றையும் அங்கே மீண்டும் எழுதினோம். இதைச் செய்பவர்கள் கவனியுங்கள்.

தேடும்போதுதான் பெரிய பிழை கண்ணில் பட்டது. மென்பொருளின் போர்ட் வெளியுலகுக்கும் திறந்தே கிடந்தது. விலாசத்தோடு போர்ட் இலக்கத்தையும் சேர்த்து அடித்தால் வாசலுக்கே வராமல் யாரும் உள்ளே போயிருக்கலாம். முன்வாசலில் பூட்டுப் போட்டுவிட்டு பின்மதிலைக் கட்ட மறந்திருந்தோம். இது எங்கள் தவறு. இப்போது அது 127.0.0.1 இல் மட்டுமே கேட்கிறது.

பாஸ்வேர்டை அன்றே எடுத்திருந்தால் இதை ஒருபோதும் கண்டிருக்க மாட்டோம்.

ஊரில் சங்கம், பாலர் பாடசாலை, கழகம் என்று பக்கம் நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் போர்ட்களை வெளியிலிருந்து ஒருமுறை தட்டிப் பாருங்கள். எச்டிடிபிஎஸ் இல்லாமல் இந்த வகைப் பாஸ்வேர்டை நம்ப வேண்டாம்; அது பேஸ்64 இல் போகிறது, இடையில் பிடிப்பவர் உடனே வாசித்துவிடுவார். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நம் நாட்டில் இருக்கிறது. சட்டத்துக்கு முன்னரே, பிள்ளைகளின் விபரம் நம் கையில் தரப்பட்ட அமானிதம்.

மூன்று நாள் பொறுத்தமைக்கு நன்றி. அடுத்த முறையும் பூட்டைக் கழற்றச் சொல்லாதீர்கள். நாங்கள் கழற்ற மாட்டோம்.