காவலராகும் முன்

மாணவர்களே, பன்னிரண்டாம் வகுப்பினரிடம், "அடுத்து என்ன?" என்று கேட்டால், ஆண்டுதோறும் இருவர் மூவரேனும் "காவல்துறை" என்கின்றனர். காரணம் வினவினால் சிலர் சீருடையைச் சொல்வர். சிலர் நிலையான ஊதியத்தைச் சொல்வர். இரண்டும் குற்றமான காரணங்கள் அல்ல. ஆயினும், விண்ணப்பிக்கும் முன் ஓரிரு ஆண்டுகள் ஊர்க்காவல் படையிலோ குடிமைப் பாதுகாப்புத் தொண்டிலோ இருந்து பாருங்கள் என்பதே என் கருத்து.

ஊர்க்காவல் படை 1946 டிசம்பர் 6 அன்று பம்பாயில் தோன்றியது. கலவரக் காலத்தில் காவல்துறைக்குத் துணைநிற்கக் குடிமக்களையே திரட்டினார்கள். 1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின் அது நாடெங்கும் பரவியது. பதினெட்டு வயது நிரம்பியவர் சேரலாம். கடை வைத்திருப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், கல்லூரியில் பயில்பவர் எனப் பலரும் தத்தம் தொழிலை விடாமலே இதில் பணிபுரிகின்றனர். குடிமைப் பாதுகாப்புக்கான 1968ஆம் ஆண்டுச் சட்டம் போர்க்காலத்தை எண்ணி எழுதப்பட்டது. 2009இல் வந்த திருத்தம் பேரிடர்ப் பணியையும் அதில் சேர்த்தது. முதலுதவி, தீயணைப்பு, மீட்பு ஆகியவற்றை அங்கே கற்கலாம்.

நான் பணிபுரியும் நாக்பூரில், கணேசர் சிலைகளைக் கரைக்கும் நாளன்று ஏரிக்கரையில் என் பழைய மாணவன் ஒருவனைக் கண்டேன். காக்கிச் சீருடையில், கயிற்றைப் பிடித்துக் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். மகன் வீட்டுக்கு வந்திருந்த மூதாட்டி ஒருவர் கூட்டத்தில் தனித்துப்போய், தமிழன்றி வேறு மொழி அறியாமல் அழுதுகொண்டிருந்தார். "பாட்டி, அழாதீங்க, நானும் தமிழ்தான்" என்று அவன் சொன்னதும் அவர் அவன் கையைப் பற்றிக்கொண்டார்; மகன் வந்து சேரும்வரை விடவேயில்லை. நம் வகுப்பில் உயிர்மெய் எழுத்துகளுக்கே சலித்துக்கொண்டவன் அவன்!

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவன்று. சற்று நேரத்தில் ஓர் இளைஞன் கயிற்றைத் தள்ளிக்கொண்டு நுழைந்து அவனை இழிவாகப் பேசினான். இவன் கை தடியை இறுகப் பற்றியது. பிறகு மெல்லத் தளர்ந்தது. மறுவாரம் பள்ளிக்கு வந்தபோது, "மேம், அன்னைக்கு அடிச்சிருப்பேன். எனக்கே பயமா இருந்துச்சு" என்றான்.

அந்த அச்சம் பத்தொன்பது வயதில், கற்கும் நிலையில் வந்தது நல்லதாயிற்று. முழுநேரக் காவலராகிப் பத்தாண்டு கழித்து ஒருவன் தன் கையை அறிந்துகொண்டால், அதற்கான விலையை வேறு யாரோ கொடுத்திருப்பார். பணிக்கு அழைக்கப்பட்ட வேளையில் ஊர்க்காவல் படையினருக்கும் காவலருக்குரிய அதிகாரம் உண்டு என்கிறது 1947ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டம். பணி முடிந்தால் அதிகாரமும் முடிந்தது; மாலையில் அதே தெருவில் பால் வாங்கப் போகவேண்டும். தான் அதட்டியவரையே கடைவாசலில் சந்திக்க வேண்டும். இப்பயிற்சியை எந்தத் தேர்வுப் புத்தகமும் தராது.

அவனுடைய தந்தைக்கு இதில் உடன்பாடில்லை. "படித்த பிள்ளை படிக்காசுக்கு வெயிலில் நிற்பதா?" என்றார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. தொண்டு என்ற பெயரால் இவர்களிடம் குறைந்த செலவில் வேலை வாங்கியது உண்மை. ஒரு மாதப் படித்தொகை, காவலர் பெறும் குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஈடாக வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றமே கூற நேர்ந்தது. வீட்டுக்கு உடனே வருவாய் தேவைப்படும் பிள்ளை நேரே விண்ணப்பிப்பதை நான் குறைகூற மாட்டேன். வயது வரம்பையும் மறக்கக்கூடாது. ஆகவே பதினெட்டிலேயே தொடங்குவது நன்று. ஆந்திரம், தெலங்கானா போன்ற மாநிலங்களில் காவலர் தேர்வில் ஊர்க்காவல் படையினருக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. அதற்காக மட்டும் சேர்பவர் முதல் மழைநாளிலேயே சலித்துப்போவார்.

என் மாணவன் இவ்வாண்டு காவலர் தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறான். முடிவு இன்னும் வரவில்லை. படையின் அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் தவறாமல் சென்று வருகிறான்.