தலைகீழ் ரவுட்டரும் ஜுகாட் ஜம்பமும்

ஜுகாட் என்று மார்தட்டுபவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் மக்களே. இங்கே கோர்படியில் டேபிள் சா வாங்கிய நம்மாளுங்க சிலர், அதன் பக்கப் பலகையில் ஓட்டை போட்டு ரவுட்டரைத் தலைகீழாக மாட்டிவிட்டு, "ஒரே இடத்துல ரெண்டு மெஷின், எப்படி?" என்கிறார்கள். யோசனை அருமை. மாட்டுகிற லட்சணம்தான் விரலுக்கு உலை வைக்கிறது.

கையில் பிடித்தால் மேலிருந்து பார்க்கக் கடிகாரத் திசையில் சுற்றும் பிட், தலைகீழானால் எதிர்த்திசையில் சுற்றும். ஆகவே மரத்தை வலமிருந்து இடமாகத்தான் தள்ளணும். மாற்றித் தள்ளினால் பிட் மரத்தைப் பிடுங்கி எறியும், கையும் கூடவே போகும். ஃபென்ஸுக்கும் பிட்டுக்கும் நடுவே மரத்தை நுழைத்தாலும் அதே கதி. 12 மி.மீ. பிட்டை 12.7 மி.மீ. கோலட்டில் இறுக்கி "பிடிச்சிருச்சு" என்பவரும் உண்டு. நழுவும் சாமி!

ஸ்விட்ச் எங்கே? மேசைக்கு அடியில். மரம் சிக்கும்போது குனிந்து தேடுவீர்களா? முன்பக்கம் தனி ஸ்விட்ச் வைத்தால் வீண் செலவாம். வருஷம் ஒரு ஃபோன் மாற்றுகிறவர் சொல்கிறார் :-)

இவர்களே வீட்டுக்கு வரும் ஆசாரியிடமும் "சீக்கிரம் முடிப்பா" என்று விரட்டுகிறார்கள். விரல் போனால் அவருக்கு மாதச் சம்பளமா வரும்? முதலில் அவர் மெஷினுக்கு அந்த ஸ்விட்சை வாங்கிக் கொடுங்கள்.