சிஎஸ்கே 2026: யார் இல்லைன்னா டீம் நிற்காது? 7 வீரர்கள், ஒரு தரவரிசை

கடைசி இடத்தில் முடித்த டீம், ஜடேஜா இல்லாத முதல் சீசனுக்குத் தயாராகிறது. விலையையும் புகழையும் ஓரமா வச்சுட்டு, "இவர் இல்லைன்னா என்ன ஆகும்?" என்ற ஒரே கேள்வியை மட்டும் கேட்டால் பட்டியல் எப்படி மாறுகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

ஐபிஎல் 2025-ல் சென்னை சூப்பர் கிங்ஸ் ஆடியது 14 போட்டிகள், வென்றது 4. புள்ளிப் பட்டியலில் 10-வது இடம். அணியின் வரலாற்றிலேயே கடைசி இடத்தில் முடித்தது அதுதான் முதல் முறை. அதைவிட ரசிகர்களை அதிகம் உறுத்தியது சேப்பாக்கம். ஆர்சிபி, டெல்லி, கொல்கத்தா, ஹைதராபாத், பஞ்சாப் என வரிசையாக 5 டீம்களிடம் சொந்த மைதானத்தில் தோல்வி. ஆர்சிபி அங்கே கடைசியாக ஜெயித்தது 2008-ல். ஹைதராபாத் அதற்கு முன் அங்கே ஜெயித்ததே இல்லை.

அதன் பிறகு டீமே மாறிவிட்டது. அஸ்வின் ஐபிஎல்-லில் இருந்து ஓய்வு பெற்றார். ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போக, சஞ்சு சாம்சன் மஞ்சள் ஜெர்ஸிக்கு வந்தார். பதிரனா, ரச்சின் ரவீந்திரா, கான்வே எல்லோரும் விடுவிக்கப்பட்டார்கள். டிசம்பர் ஏலத்தில் 9 பேர் புதிதாக வந்தார்கள்.

அப்போ இந்தப் புது டீமில் யார் முக்கியம்?

எப்படி வரிசைப்படுத்தினோம்?

அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பால் சீசன் தொடங்குவதற்கு முன்னாடி, ஒவ்வொரு டீமுக்கும் "மிக முக்கியமான வீரர்கள்" பட்டியல் போடுவது ஒரு வழக்கம். "சிறந்த வீரர்" என்பதும் "முக்கியமான வீரர்" என்பதும் வேற வேற. ஒரே இடத்துக்கு மூணு நல்ல வீரர்கள் இருந்தால், அதில் ஒருத்தர் காயமடைந்தாலும் டீம் சமாளித்துவிடும். ஒருத்தர்தான் இருக்கார் என்றால், அவர் சுமாராக ஆடினாலும் டீமுக்கு அவர் உயிர்.

பேஸ்பாலில் இதையே கணக்காகப் போடுகிறார்கள். ஒரு வீரருக்குப் பதில் எளிதாகக் கிடைக்கும் ஒரு மாற்று வீரரை இறக்கினால், டீம் எத்தனை வெற்றிகளை இழக்கும் என்பதுதான் அந்தக் கணக்கு.

நாங்கள் எண்ணாகக் கணக்குப் போடவில்லை. மூன்று கேள்விகளை மட்டும் கேட்டோம். அவர் செய்கிற வேலை என்ன? அதே வேலையைச் செய்ய டீமில் வேறு யார் இருக்கிறார்? அந்த மாற்று ஆளை இறக்கினால் டீம் வேறு எதையாவது இழக்குமா?

மூன்றாவது கேள்விதான் ஐபிஎல்-லில் ரொம்ப முக்கியம். லெவனில் 4 வெளிநாட்டு வீரர்கள்தான் ஆட முடியும். ஒரு இந்திய வீரரின் இடத்தை வெளிநாட்டு வீரரை வைத்து நிரப்பினால், வேறு ஒரு இடத்தில் ஓட்டை விழும்.

7. ஆயுஷ் மாத்ரே

ருதுராஜ் காயமடைந்ததால் மாற்று வீரராக உள்ளே வந்தவர். அப்போ வயது 17. ஆடிய 7 போட்டிகளில் 240 ரன். பெங்களூருவில் ஆர்சிபிக்கு எதிராக 48 பந்துகளில் அடித்த 94-தான் சிஎஸ்கே ரசிகர்களுக்கு அந்த சீசனில் கிடைத்த சில சந்தோஷங்களில் ஒன்று.

அவர் ஏன் முக்கியம்? 2025-ல் சிஎஸ்கேயின் அடிப்படைச் சிக்கலே பவர்பிளே. முதல் 6 ஓவரில் மற்ற டீம்கள் பாய்ந்துகொண்டிருக்க, சென்னை நடந்துகொண்டிருந்தது. மாத்ரே வந்த பிறகுதான் அந்த வேகம் மாறியது.

பிறகு ஏன் 7-வது இடம்? டாப் ஆர்டரில் இப்போது சஞ்சு, ருதுராஜ், உர்வில் படேல் என ஆட்கள் இருக்கிறார்கள். மாத்ரே இல்லைன்னா டீம் மெதுவாகும், ஆனா சரியாது.

6. பிரசாந்த் வீர்

உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த 20 வயது இடது கை ஸ்பின் ஆல்ரவுண்டர். ஐபிஎல்-லில் ஒரு பந்துகூட வீசியதில்லை. ஏல விலை 14.20 கோடி ரூபாய், அடிப்படை விலையோ 30 லட்சம். அதே 14.20 கோடிக்குத்தான் விக்கெட் கீப்பர் பேட்டர் கார்த்திக் சர்மாவும் வந்தார். சர்வதேசப் போட்டியில் ஆடாத வீரர்களுக்கு ஐபிஎல் ஏலத்தில் இதற்கு முந்தைய அதிகபட்சம் 2022-ல் ஆவேஷ் கானுக்குப் போன 10 கோடி.

ஏலத்துக்குள் போகும்போது சிஎஸ்கே கையில் இருந்தது 43.40 கோடி. அதில் 28.40 கோடி, அதாவது கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு, இந்த இரண்டு இளைஞர்களுக்கே போய்விட்டது.

வீரிடம் கேட்கப்படும் வேலை ஜடேஜாவின் வேலை: 4 ஓவர் இடது கை ஸ்பின், கீழ் வரிசையில் அதிரடி, நல்ல ஃபீல்டிங். 2023 ஃபைனலில் கடைசி 2 பந்துகளில் 10 ரன் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தவரின் இடம் அது. 20 வயசுப் பையன் தோளில் இது பெரிய சுமைதான். ஆனா இதே மூன்று வேலைகளையும் செய்யும் இந்திய வீரர் டீமில் வேறு யாரும் இல்லை. அகீல் ஹொசைனை இறக்கலாம், ஆனா அது ஒரு வெளிநாட்டு இடத்தைத் தின்றுவிடும். விலைக்காக அல்ல, மாற்று இல்லாததால்தான் வீர் இந்தப் பட்டியலில் இருக்கிறார்.

5. கலீல் அகமது

கடந்த சீசனில் 14 போட்டிகளில் 15 விக்கெட். முதல் போட்டியிலேயே மும்பைக்கு எதிராக ரோகித் சர்மாவை டக் அவுட் ஆக்கினார். புதுப் பந்தில் விக்கெட் எடுக்கும் இடது கை வேகம் என்பது எந்த டீமுக்கும் சொத்து.

மாற்று யார்? முகேஷ் சவுத்ரி, குர்ஜப்னீத் சிங் இருவரும் இடது கைதான், ஆனா கலீல் அளவுக்கு ஐபிஎல் அனுபவம் இல்லை. அன்ஷுல் கம்போஜ் நன்றாக வளர்ந்து வருகிறார். 2024-ல் ரஞ்சியில் கேரளாவுக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 10 விக்கெட்டையும் எடுத்தவர், 2025-ல் மான்செஸ்டரில் டெஸ்ட் அறிமுகமும் ஆனார். அவர் கலீலுக்கு ஜோடியாக நிற்க வேண்டியவர். ஜோடியில் ஒருத்தர் விழுந்தால் மேட் ஹென்றியைக் கூப்பிட வேண்டும். மறுபடியும் வெளிநாட்டு இடம்!

4. டெவால்ட் பிரேவிஸ்

இவர் சிஎஸ்கேவுக்கு வந்த கதையே "முக்கியத்துவம்" என்றால் என்ன என்பதற்கு ஒரு பாடம். தமிழ்நாட்டு வேகப்பந்து வீச்சாளர் குர்ஜப்னீத் ஒரு போட்டிகூட ஆடாமல் காயத்தால் விலக, அவருக்கு மாற்றாக சீசன் நடுவில் வந்தவர் பிரேவிஸ். 6 போட்டிகளில் 225 ரன், ஸ்ட்ரைக் ரேட் 180. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக டார்வினில் 56 பந்துகளில் 125 நாட் அவுட்.

மிடில் ஓவரில் ஷிவம் துபே ஸ்பின்னை அடிப்பார். 2025-ல் டீமின் அதிகபட்ச ரன் அவருடையது, 357. ஆனா வேகப்பந்தையும் ஸ்பின்னையும் ஒரே மாதிரி சிதறடிக்கும் ஆள் மிடில் ஆர்டரில் பிரேவிஸ் மட்டும்தான். சர்ஃபராஸ் கான், கார்த்திக் சர்மா இருவரும் அந்த இடத்தில் என்ன செய்வார்கள் என்பது இனிமேல்தான் தெரியும்.

3. ருதுராஜ் கெய்க்வாட்

கேப்டனுக்கு 3-வது இடமா என்று கோபம் வரலாம். ஒரு கணக்கைப் பாருங்கள்.

2025-ல் ருதுராஜ் ஆடிய 5 போட்டிகளில் வெற்றி 1. முழங்கை எலும்பு முறிவால் அவர் விலகிய பிறகு, தோனி தலைமையில் 9 போட்டிகளில் வெற்றி 3. அதாவது கேப்டன் இருந்தபோதும் டீம் தோற்றது, இல்லாதபோதும் தோற்றது. சிக்கல் அவரிடம் மட்டும் இல்லை என்பதற்கு இது ஆதாரம். அவர் ஒருவர் திரும்பி வந்தால் எல்லாம் சரியாகிவிடாது என்பதற்கும் இதுவே ஆதாரம்.

ஆனா பேட்டராக ருதுராஜின் தரத்தில் சந்தேகமே வேண்டாம். 2021-ல் 635 ரன்னோடு ஆரஞ்சு கேப், 2024-ல் 583 ரன். ஒரு பக்கம் மாத்ரே, பிரேவிஸ் என இளசுகள் அடித்து ஆட, இன்னொரு பக்கம் இன்னிங்ஸைக் கட்டி இழுக்க ஒரு ஆள் வேணும். கடந்த ஆண்டு அவருக்கு மாற்றே இல்லை. இந்த ஆண்டு பேட்டிங்குக்கும் கேப்டன்சிக்கும் ஒரு மாற்று இருக்கிறார். அவர்தான் நம்பர் 2.

2. சஞ்சு சாம்சன்

நவம்பர் 15, 2025 அன்று உறுதியான டிரேடில் 18 கோடிக்கு வந்தவர். திருவனந்தபுரத்துக்காரர். ராஜஸ்தானை 2021 முதல் வழிநடத்தி 2022-ல் ஃபைனல் வரை கொண்டுபோனவர். 2024-ல் 531 ரன் அடித்தார். 2025-ல் காயத்தால் 9 போட்டிகள்தான் ஆட முடிந்தது, 285 ரன்.

சஞ்சு செய்யக்கூடிய வேலை மூன்று: டாப் ஆர்டர் பேட்டிங், விக்கெட் கீப்பிங், தேவைப்பட்டால் கேப்டன்சி. ஒரு ஆள் போனால் மூன்று இடத்தில் ஓட்டை விழும் என்பதால்தான் இவ்வளவு உயரத்தில் வைத்தோம். 2025-ல் சிஎஸ்கே ஓப்பனிங்கில் ஆட்களை மாற்றி மாற்றிப் பார்த்து ஓய்ந்தது. அந்த ஆட்டத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கத்தான் ஜடேஜா என்ற பெரிய விலையைக் கொடுத்திருக்கிறார்கள்.

1. நூர் அகமது

ஆமா, கேப்டனும் இல்லை, தோனியும் இல்லை, சஞ்சுவும் இல்லை. ஆப்கானிஸ்தானின் இடது கை ரிஸ்ட் ஸ்பின்னர்தான் நம்பர் 1.

காரணம் எளிமையானது. 2025-ல் சிஎஸ்கேயின் மூன்று முக்கிய ஸ்பின்னர்கள் எடுத்த விக்கெட்டுகள்: நூர் 24, ஜடேஜா 10, அஸ்வின் 7. மொத்தம் 41. இதில் 17 விக்கெட் இப்போது டீமில் இல்லை. மிச்சம் இருக்கும் 24-ம் ஒரே ஆளுடையது. கடைசி இடத்தில் முடித்த டீமில் இருந்துகொண்டே, சீசனின் விக்கெட் பட்டியலில் பிரசித் கிருஷ்ணாவுக்கு (25) அடுத்த இடம் பிடித்தவர் நூர்.

சிஎஸ்கேயின் வெற்றிகளைத் திரும்பப் பாருங்கள். சேப்பாக்கத்தில் கிடைத்த ஒரே வெற்றி மும்பைக்கு எதிராக. நூர் 18 ரன் கொடுத்து 4 விக்கெட். ஈடன் கார்டனில் கொல்கத்தாவை வென்ற போட்டியிலும் அவருக்கு 4 விக்கெட்.

மாற்று இல்லையா? பெயருக்கு இருக்கிறார்கள். 5.20 கோடிக்கு வந்த ராகுல் சாஹர், 2025 சீசனில் ஹைதராபாத்துக்காக ஆடியது ஒரே ஒரு போட்டி. ஷ்ரேயாஸ் கோபால் அனுபவசாலி, ஆனா தொடர்ந்து வாய்ப்பு பெறுபவர் இல்லை. ஹொசைனின் பலம் விக்கெட்டைவிட ரன்னைக் கட்டுப்படுத்துவது. மிடில் ஓவரில் ஆட்டத்தைத் திருப்பும் ஸ்பின்னர் என்று கேட்டால், விரல் நூரிடம்தான் போகிறது.

ஸ்பின்னால் கோட்டை கட்டிய டீம் சிஎஸ்கே. கடந்த சீசனில் சேப்பாக்கம் பிட்ச்சைக் கணிக்கவே முடியவில்லை என்று கோச் ஃபிளெமிங்கே சொல்லும் நிலைமை வந்தது. அந்தக் கோட்டையை இப்போது தாங்கி நிற்பது ஒரே தூண்.

சரி, தோனி எங்கே?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். 2025-ல் தோனி 14 போட்டிகளிலும் ஆடி 196 ரன் எடுத்தார். அவருக்கு இப்போ வயது 44. கீப்பிங்குக்கு சஞ்சு, கார்த்திக், உர்வில் என மூன்று பேர் இருக்கிறார்கள். ஃபினிஷிங்குக்கு பிரேவிஸ், துபே, ஓவர்டன். நாங்கள் கேட்ட மூன்று கேள்விகளின்படி அவர் 7-க்குள் வரவில்லை.

இது மரியாதைக் குறைவு இல்லை. கொடைக்கானல் மேல்மலையில் கூக்கால், மன்னவனூர் மாதிரி ஊர்களில் இருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சேப்பாக்கம் வரும் ஒருவர், யாரைப் பார்க்க வருகிறார் என்று நாம் சொல்லத் தேவையில்லை. டிக்கெட், டிவி, ஜெர்ஸி என எதை வைத்துப் பட்டியல் போட்டாலும் அவர்தான் நம்பர் 1, இரண்டாவது இடத்துக்கே ஆள் கிடையாது. ஆனா இந்தப் பட்டியல் புள்ளிகளைப் பற்றியது.

இன்னொரு விதமாகப் பார்த்தால், தோனி இந்தப் பட்டியலில் வராததுதான் நிர்வாகத்தின் வெற்றி. பல ஆண்டுகளாக "அவருக்குப் பிறகு யார்?" என்று கேட்டுக்கொண்டிருந்த டீம், முதல் முறையாக அவர் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயரைச் சொல்கிறது.

பட்டியலில் இல்லாத ஓட்டை எது?

கடைசி 4 ஓவர். பதிரனாவை விடுவித்த பிறகு (அவரை 18 கோடிக்கு கொல்கத்தா எடுத்தது) டெத் பௌலிங்கில் உறுதியான இந்தியப் பெயர் சிஎஸ்கேயிடம் இல்லை. நாதன் எல்லிஸ் அந்த வேலைக்குச் சரியான ஆள். ஆனா நூர், பிரேவிஸ் இருவருக்கும் இடம் உறுதி என்றால், மிச்சம் 2 வெளிநாட்டு இடங்கள்தான். அதற்கு எல்லிஸ், ஓவர்டன், ஹென்றி, ஹொசைன், மேத்யூ ஷார்ட், ஜாக் ஃபோக்ஸ் என 6 பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

எதைக் கவனிக்கணும்?

இந்த 7 பேரில் நூர், மாத்ரே, பிரேவிஸ், வீர் என 4 பேர் 22 வயதைத் தாண்டாதவர்கள். அனுபவத்தை நம்பி, "டாடீஸ் ஆர்மி" என்று கிண்டலும் வாங்கி, கோப்பையும் வாங்கிய டீம் இது. அதே டீம் இப்போ எதிர்த் திசையில் பந்தயம் கட்டியிருக்கிறது. 2026-ன் முதல் சில போட்டிகளில் ஸ்கோர்போர்டை மட்டும் பார்க்காதீர்கள். நூரின் 4 ஓவர் முடிந்த பிறகு எதிரணி என்ன செய்கிறது என்று பாருங்கள். அந்த ஓவர்களில் வீரோ சாஹரோ விக்கெட் எடுத்தால், இந்த சீசன் தப்பித்தது. எடுக்கவில்லை என்றால், சேப்பாக்கத்தில் பழைய கதைதான்.

உங்கள் பட்டியலில் நம்பர் 1 யார்? வேற பெயர் வைத்திருந்தால், அதே மூன்று கேள்விகளை அவருக்கும் கேட்டுப் பாருங்கள்.